மூச்சைக் கவனித்தலும் அத்வைத விசாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அத்வைதம் (ஆத்மாவும் பிரம்மமும் ஒன்றே என்னும் வேதாந்தம்) படித்துக்கொண்டே மூச்சுத் தியானம் பழகுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஒரு பக்கம் ரமணரையோ கைவல்ய நவநீதம் என்ற தமிழ் அத்வைத நூலையோ வாசிக்கிறார்கள்; இன்னொரு பக்கம் எங்கோ கற்றுக்கொண்ட ஆனாபானசதி, அதாவது மூச்சைக் கவனிக்கும் பௌத்தத் தியானம், அவர்களுக்கு நன்றாக ஒத்துவந்துவிடுகிறது. பிறகு சந்தேகம் கிளம்புகிறது. சேர்ந்து தியானத்தில் உட்காரும் இடங்களிலும் தொலைபேசியிலும் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் அத்வைதப் பக்கம் சாய்ந்தவன். பௌத்தம் பற்றிப் பேசும் இடங்களில் அவர்கள் சொல்வதை அவர்கள் நோக்கிலேயே சொல்ல முயன்றிருக்கிறேன்.

1. ரெண்டும் வேற வேற மதம். சேர்த்துச் செய்யலாமா, தப்பில்லையா?

பயிற்சியைச் சேர்த்துச் செய்யலாம், தப்பில்லை. மூச்சின் மேல் கவனம் வைப்பது ஒரு மரபுக்கு மட்டும் சொந்தமானதல்ல. பகவத்கீதை 5-ஆம் அத்தியாயம் 27-ஆம் சுலோகம் மூக்கினுள் இயங்கும் பிராண அபானங்களை (உள்ளும் வெளியும் போகும் மூச்சுகளை) சமமாக்குவதைச் சொல்கிறது. ஆனால் மூச்சைக் கவனிப்பதையே ஒரு முழுப் பாதையாக, படிப்படியாக வகுத்துக் கொடுத்தது பௌத்தம். அதை ஒப்புக்கொண்டு பழகுவதுதான் மரியாதை.

கொள்கையைக் கலப்பது வேறு விஷயம். "புத்தர் சொன்னதும் சங்கரர் சொன்னதும் ஒன்றேதான்" என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டால் இரண்டு பேர் சொன்னதும் காதில் விழாது. அமரும்போது இரண்டும் இருக்கட்டும். படிக்கும்போது ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்துப் படியுங்கள். கீழே நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த ஒரு விஷயத்தின் விரிவுதான்.

2. மூச்சைப் பார்க்கிறதும் பிராணாயாமமும் ஒண்ணுதானே?

இல்லை. பிராணாயாமத்தில் பூரகம் (உள்ளிழுத்தல்), கும்பகம் (நிறுத்தல்), ரேசகம் (வெளிவிடல்) என்று மூச்சுக்கு நாம் அளவு வைக்கிறோம். ஆனாபானசதியில் மூச்சை அதன் போக்கில் விட்டு, நீளமாக வந்தால் நீளம் என்றும் குட்டையாக வந்தால் குட்டை என்றும் அறிகிறோம்.

பலருக்குக் கவனிக்கத் தொடங்கியதுமே தன்னையறியாமல் மூச்சைச் சரிசெய்யும் பழக்கம் வந்துவிடுகிறது. நெஞ்சு இறுகும், தலை கனக்கும். அப்படி ஆனால் வெளிமூச்சு முடிகிற இடத்தில் மட்டும் கவனத்தை வைத்து, அடுத்த மூச்சை இழுக்காமல் காத்திருங்கள். அது தானாக வரும்.

3. முதல்ல படிக்கணுமா, உட்காரணுமா?

உட்காருங்கள். தினமும் ஒரே நேரத்தில், அரை மணி நேரம் போதும். வேதாந்தத்தில் சிரவணம் (கேட்டல்), மனனம் (சிந்தித்தல்), நிதித்தியாசனம் (ஆழ்ந்து நிற்றல்) என்று வரிசை இருப்பது உண்மை. ஆனால் கேட்டதை மனம் தாங்கி நிற்க வேண்டுமே. ஓடிக்கொண்டே இருக்கும் மனத்தில் "நீ உடல் அல்ல" என்ற வாக்கியம் விழுந்தால், அது இன்னும் ஒரு கருத்தாக மாறி அதனோடு சேர்ந்து ஓடும்.

4. மூக்குல பார்க்கணுமா, வயித்துலயா? எண்ணலாமா?

மூக்கு நுனி, மேலுதடு, வயிறு, எதுவானாலும் சரி. பர்மிய பிக்கு மகாசி சயாதோவின் மரபில் வயிற்றின் ஏற்ற இறக்கத்தைக் கவனிக்கச் சொல்வார்கள். மூச்சு படும் இடத்தைச் சொல்பவர்களும் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள்.

எண்ணலாம். 5-ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பௌத்த நூல் ஐந்துக்குக் குறையாமலும் பத்தைத் தாண்டாமலும் எண்ணச் சொல்கிறது. கவனம் நிலைத்ததும் எண்ணிக்கையை விட்டுவிடலாம்.

5. மூச்சு தியானம் மனசை அடக்கத்தானே? ஞானத்துக்கு அத்வைதம்தானே வேணும்?

அத்வைதம் படித்தவர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி இது. இதில் பௌத்தத்துக்கு ஓர் அநியாயம் நடக்கிறது. புத்தர் உரைகளின் பாலித் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 118-ஆம் சூத்திரமான ஆனாபானசதி சூத்திரத்தில் 16 படிகள் உள்ளன, நான்கு நான்காக. முதல் நான்கு உடலைப் பற்றியவை: நீண்ட மூச்சு, குறுகிய மூச்சு, முழு உடலையும் உணர்தல், உடலின் இயக்கத்தை அமைதிப்படுத்துதல். அடுத்த நான்கு வேதனை, அதாவது இன்ப துன்ப நுகர்ச்சி. மூன்றாவது நான்கு மனம். கடைசி நான்கில் அநித்தியம் (நிலையாமை), பற்று தேய்தல், நிரோதம் (ஓய்ந்துபோதல்), விட்டுவிடுதல் என்று போகிறது. அடக்குவதோடு நிற்கும் பயிற்சி இப்படி முடியாது.

நம்மில் பெரும்பாலோர் முதல் நான்கிலேயே நின்றுகொண்டு "மூச்சு தியானம் இவ்வளவுதான்" என்று சொல்லிவிடுகிறோம். "நான் யார்" என்று ஆராயும் விசாரத்துக்கு முன்னோட்டமாக மட்டும் மூச்சைப் பயன்படுத்துவது உங்கள் விருப்பம். அதில் குறையில்லை. ஆனால் முழுப் பாதையில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறோம் என்ற தெளிவு இருக்கட்டும்.

6. மூச்சே நின்னுபோன மாதிரி இருக்கு. பயந்து எழுந்துடறேன்.

எழ வேண்டாம். மனம் அடங்கும்போது மூச்சும் நுணுகும். நுணுகி, இருப்பதே தெரியாமல் போகும். விசுத்திமக்கம் இந்த இடத்தை எதிர்பார்த்தே பேசுகிறது. மூச்சில்லாதவர்கள் யார் யார் என்று அங்கே ஒரு பட்டியல் வரும்: தாயின் கருவில் இருப்பவர், நீரில் மூழ்கியவர், இறந்தவர் என்று போகும். "நீ இவர்களில் ஒருவனில்லை, மூச்சு இருக்கிறது, உன் கவனம்தான் அந்த அளவுக்குக் கூர்மையாகவில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வழக்கமாக மூச்சு படும் இடத்திலேயே காத்திருக்க வேண்டும் என்கிறது. பயம் வந்தால் அந்தப் பயத்தையும் பார்த்துக்கொண்டு இருங்கள்.

உண்மையிலேயே மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்றால் அது வேறு. உடனே மருத்துவரிடம் போங்கள்.

7. மூச்சிலிருந்து "நான் யார்"க்கு எப்போ, எப்படி மாறணும்?

முதலில் கவனம் நிலைக்கட்டும். மனம் மூச்சை விட்டுப் போனதும் போனது உடனே தெரிய வேண்டும், எரிச்சல் இல்லாமல் திரும்பி வர வேண்டும். இந்த இரண்டும் வந்தபின் மாறலாம்.

மாறும் இடத்தை மெதுவாகச் சொல்கிறேன். உள்மூச்சு மூக்கு நுனியில் சற்றுக் குளிர்ச்சியாகப் படுகிறது. வெளிமூச்சு இளஞ்சூடாகப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி, அங்கே மூச்சு இல்லை. இல்லை என்பதும் தெரிகிறது. குளிர்ச்சி தெரிந்தது, சூடு தெரிந்தது, இரண்டும் இல்லாததும் தெரிந்தது. இப்போது "இதெல்லாம் யாருக்குத் தெரிகிறது?" என்று ஒரு முறை கேளுங்கள். "எனக்கு" என்று வரும். அந்த "எனக்கு" என்ற உணர்வின் மேலேயே கவனம் நிற்கட்டும். பதில் தேட வேண்டாம், ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். எண்ணம் கிளம்பினால் "இது யாருக்கு?" என்று அதே இடத்துக்குத் திரும்புங்கள். சிவப்பிரகாசம் பிள்ளை 1902 வாக்கில் கேட்ட கேள்விகளுக்கு ரமணர் எழுதிக் காட்டிய வழி இதுதான். மூச்சடக்கத்தால் அடங்கும் மனம் மூச்சு வெளிப்பட்டதும் மறுபடி கிளம்பும் என்றும், அது மனத்தை அடக்க உதவுமே தவிர நாசம் செய்யாது என்றும் அதே பதில்களில் சொல்கிறார்.

இங்கே ஒரு வழுக்கும் இடம் உண்டு. தலைக்குப் பின்பக்கம் யாரோ உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பது போன்ற உணர்வு சிலருக்கு வரும். அதுதான் சாட்சி (எல்லாவற்றையும் அறியும், தான் அறியப்படாத உணர்வு) என்று பிடித்துக்கொள்வார்கள். அதுவும் தெரியும் பொருள்தான். மூக்கு நுனிக் குளிர்ச்சிக்கும் அதற்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை. "இது யாருக்குத் தெரிகிறது?" என்று அதையும் கேட்டுவிடுங்கள். பிடி கிடைக்காமல் மனம் சிதறினால் மூச்சுக்குத் திரும்பிவிடுங்கள். ஒரே அமர்வில் சலிப்புக்காக இங்கும் அங்கும் தாவுவது மட்டும் கூடாது.

8. அப்போ "நான் யார், நான் யார்"னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருக்கணுமா?

வேண்டாம். அது ஜபமாகிவிடும். ஜபம் நல்லதுதான், ஆனால் விசாரம் அதுவல்ல. கேள்வி கவனத்தைத் திருப்பியதும் அதன் வேலை முடிந்தது.

9. புத்தர் ஆத்மா இல்லைன்னார், சங்கரர் ஆத்மா மட்டும்தான் இருக்குன்னார். யாராவது ஒருத்தர் தப்பாத்தானே இருக்கணும்?

முதலில் இரண்டு பேரும் எதை மறுக்கிறார்கள் என்று பாருங்கள். ஐந்து சீடர்களுக்குப் போதித்த அனாத்ம லட்சண சூத்திரத்தில் புத்தர் உருவம், வேதனை, சஞ்ஞை (அடையாளம் காணல்), சங்காரம் (மன இயக்கங்கள்), விஞ்ஞானம் (புலன்வழி எழும் அறிவு) என்ற ஐந்து கந்தங்களையும் (தொகுதிகளையும்) ஒவ்வொன்றாக எடுக்கிறார். நிலையில்லாதது, துன்பமானது, ஆகவே "இது என்னுடையதல்ல, இது நானல்ல, இது என் ஆத்மா அல்ல" என்று காணச் சொல்கிறார். வேதாந்தத்தில் அன்னமயம் தொடங்கி ஆனந்தமயம் வரை ஐந்து கோசங்களையும் (உறைகளையும்) "நானல்ல" என்று விலக்குகிறோம். பிருகதாரண்யக உபநிடதம் "நேதி நேதி" (இதுவல்ல, இதுவல்ல) என்கிறது. உடலையும் எண்ணத்தையும் "நான்" என்று பிடித்துக்கொண்டிருக்கும் நம்மைப் பொறுத்தவரை இரண்டு பேரும் ஒரே பிடியைத்தான் தளர்த்துகிறார்கள். அமரும் நேரத்தில் நமக்கு வேண்டியது இவ்வளவுதான்.

அதற்கு மேல் வேறுபாடு உண்மையானது, அதை மழுப்பக் கூடாது. எல்லாவற்றையும் விலக்கியபின் விலக்க முடியாமல் எஞ்சும் உணர்வே ஆத்மா, அதுவே பிரம்மம் என்கிறது அத்வைதம். எஞ்சுவது என்று ஒன்றை நாட்டினால் அதுவும் பற்றுக்கு இடமாகும் என்கிறது பௌத்தம். வச்சகோத்தர் என்ற பரிவிராசகர் (ஊர் சுற்றும் துறவி) நேராகவே வந்து "ஆத்மா உண்டா?" என்று கேட்டபோது புத்தர் பேசவில்லை. "அப்படியானால் இல்லையா?" என்றபோதும் பேசவில்லை. பிறகு சீடர் ஆனந்தர் காரணம் கேட்டார். உண்டு என்றால் சாசுவதவாதிகள் (ஆத்மா என்றும் அழியாது என்பவர்கள்) பக்கம் சேர்ந்தது போலாகும், இல்லை என்றால் உச்சேதவாதிகள் (சாவோடு எல்லாம் அழியும் என்பவர்கள்) பக்கம் சேர்ந்தது போலாகும். ஏற்கெனவே குழம்பியிருப்பவர் "இருந்த ஆத்மாவும் போய்விட்டதே" என்று இன்னும் குழம்புவார் என்றார். இந்த மௌனத்தை "ரகசியமாக ஆத்மாவை ஒப்புக்கொண்டார்" என்று நம்மவர்கள் சொல்வதும் சரியல்ல, "புத்தர் ஆத்மா இல்லை என்று அடித்துச் சொன்னார், விஷயம் முடிந்தது" என்பதும் சரியல்ல.

10. சாட்சின்னு சொல்றதும் பௌத்தத்துல விஞ்ஞானம்னு சொல்றதும் ஒண்ணா?

இல்லை. இந்தக் குழப்பம்தான் அதிகம் சேதம் செய்கிறது. மஜ்ஜிம நிகாயம் 38-இல் சாதி என்ற பிக்கு, "இதே விஞ்ஞானம்தான் பிறவிக்குப் பிறவி செல்கிறது" என்கிறார். புத்தர் அவரைக் கடிந்துகொள்கிறார். விறகால் எரிந்தால் விறகுத் தீ, புல்லால் எரிந்தால் புல் தீ. அதுபோல் கண்ணும் உருவமும் சார்ந்து எழுவது கண் விஞ்ஞானம், காதும் ஒலியும் சார்ந்து எழுவது காது விஞ்ஞானம் என்கிறார். சார்பில்லாமல் விஞ்ஞானம் இல்லை.

அத்வைதியும் இதை மறுக்கத் தேவையில்லை. எழுந்து மறையும் அந்த அறிவை அவர் விருத்தி என்பார். அது அந்தக்கரணத்தின், அதாவது மனத்தின், அசைவு. கண்ணுக்கு உருவம் காட்சி, மனத்துக்குக் கண் காட்சி, சாட்சிக்கு மனத்தின் விருத்திகள் காட்சி, சாட்சி யாருக்கும் காட்சியாவதில்லை என்பது திருக் திருசிய விவேகம் என்ற அத்வைத நூலின் முதல் சுலோகம். பௌத்தர் அந்தக் கடைசிப் படியை ஏற்கமாட்டார். அங்கே பிரிவதுதான் நேர்மை.

11. சங்கரரையே மறைமுக பௌத்தர்னு சொன்னாங்களே?

சொன்னார்கள், பிற வேதாந்த மரபினர். சங்கரரின் குருவுக்குக் குருவாகச் சொல்லப்படும் கௌடபாதரின் மாண்டூக்ய காரிகை என்ற நூல், குறிப்பாக நான்காம் பிரகரணம் (அத்தியாயம்), பௌத்தச் சொற்களைத் தாராளமாகக் கையாள்கிறது. ஆனால் அதே பிரகரணத்தின் முடிவுப் பகுதியில் "இது புத்தர் சொன்னதல்ல" என்றும் வருகிறது. சங்கரரோ பிரம்மசூத்திரத்துக்கு எழுதிய பாஷ்யத்தின் (உரையின்) இரண்டாம் அத்தியாயத்தில் பௌத்தக் கொள்கைகளை எடுத்துவைத்து விரிவாகவே மறுக்கிறார். பேச்சுவார்த்தை இருந்தது, கடன் இருந்தது, சண்டையும் இருந்தது. ஒரே குடும்பம் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

12. நல்லா அமைதியாயிடுது, எண்ணமே இல்ல. இதுதானே அத்வைத நிலை?

அநேகமாக இல்லை. இதற்குப் பெயர் இலயம், மனம் தற்காலிகமாக ஒடுங்குவது. ரமணர் சொன்ன ஒரு கதை உண்டு. கங்கைக் கரையில் தவம் செய்த யோகி சீடனிடம் தண்ணீர் கேட்டுவிட்டுச் சமாதியில் ஆழ்ந்துவிட்டார். நெடுங்காலம் கழித்து விழித்ததும் அவர் வாயில் வந்த முதல் சொல் "தண்ணீர் எங்கே?" அத்தனை காலம் அடங்கிக் கிடந்தும், கடைசியாக எழுந்த எண்ணம்கூட அழியவில்லை. ஒடுங்கியது மறுபடி எழுமானால் அது இலயம், எழாதபடி அழிந்தால்தான் நாசம் என்று ரமணரின் உபதேச உந்தியாரும் பிரித்துச் சொல்கிறது.

என்ன செய்வது? மாண்டூக்ய காரிகையின் மூன்றாம் பிரகரணம் சுருக்கமாகச் சொல்கிறது: இலயத்தில் மனத்தை எழுப்பு, சிதறினால் அமைதிப்படுத்து, சமநிலை வந்தால் அசைக்காதே, அங்கே வரும் சுகத்தையும் ருசிக்காதே. பௌத்தமும் ஐந்து தடைகளில் ஒன்றாக மந்தத்தையும் சோர்வையும் வைத்திருக்கிறது. நடைமுறையில் அடையாளம் எளிது. அந்த அமைதியில் மூச்சு துல்லியமாகத் தெரிகிறதா? தெரிந்தால் தொடருங்கள், 7-ஆம் பதிலில் சொன்ன கேள்வியைக் கேட்க நல்ல நேரம் அதுதான். மூச்சும் தெரியவில்லை, நேரம் போனதும் தெரியவில்லை, எழுந்ததும் தலை மந்தமாக இருக்கிறது என்றால் அது தூக்கத்தின் பக்கத்து வீடு. கண்ணைத் திறந்து முதுகை நிமிர்த்துங்கள். (6-இல் சொன்ன நுணுகிய மூச்சு வேறு. அங்கே கவனம் விழிப்போடுதான் இருக்கும்.)

13. எல்லாத்தையும் தள்ளி நின்னு பார்க்கிறேன். வீட்டுல யாராவது அழுதாக்கூட ஒண்ணும் தோணறதில்ல. முன்னேற்றம்தானே?

இல்லை. இதைக் கேட்பவர்களிடம் நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். சாட்சி பாவனையை உணர்ச்சியிலிருந்து தப்பிக்கும் மறைவிடமாக ஆக்கிக்கொள்வது மிக எளிது. புத்தகோசர் உபேட்சைக்கு (சமநிலை மனத்துக்கு) அருகிலேயே இருக்கும் பகை ஒன்றைக் குறிப்பிடுகிறார்: அறியாமையால் வரும் அக்கறையின்மை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். மைத்திரி (நட்பு), கருணை, முதிதை (பிறர் நலம் கண்டு மகிழ்தல்), உபேட்சை என்ற நான்கையும் பௌத்தம் பிரம்ம விஹாரங்கள் (மனம் தங்கும் உயர்ந்த நிலைகள்) என்கிறது. பதஞ்சலியின் யோக சூத்திரம் 1.33-உம் அதே நான்கைத்தான் சொல்கிறது. உபேட்சை மட்டும் தனியாக வளர்ந்து மற்ற மூன்றும் காய்ந்துபோனால் ஏதோ கோணலாகிவிட்டது என்று பொருள்.

விசாரத்தைச் சில வாரங்கள் நிறுத்திவையுங்கள். மூச்சோடு மைத்திரியைப் பழகுங்கள். உலகமே நிஜமில்லாதது போல, உங்கள் கை உங்களுடையதல்ல போல நாள் முழுக்கத் தோன்றினாலோ, தூக்கம் கெட்டாலோ, பழைய அதிர்ச்சிகள் கிளம்பி அலைக்கழித்தாலோ தியானத்தையே நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதை ஞான அனுபவம் என்று யார் சொன்னாலும் காது கொடுக்க வேண்டாம்.

14. நான் ஏற்கெனவே பிரம்மம்தானே. அப்புறம் எதுக்கு மூச்சைப் பார்த்துக்கிட்டு உட்காரணும்?

இந்த வாக்கியம் சத்தியம் என்று நான் நம்புகிறேன். ஆனால் யார் இதைச் சொல்கிறார்கள்? பயிற்சியிலிருந்து தப்பிக்க விரும்பும் மனம் சொன்னால் அது சாக்கு. சங்கரர் ஞானம் ஒன்றே மோட்சத்துக்குக் காரணம் என்றவர். அவரே விவேகம், வைராக்கியம், சமம் (மன அடக்கம்) தமம் (புலனடக்கம்) முதலிய ஆறு, முமுட்சுத்துவம் (விடுதலை வேட்கை) என்ற சாதன சதுஷ்டயம் (நான்கு தகுதிகள்) உள்ளவனைத்தான் தகுதியானவன் என்கிறார். மூச்சு பிரம்மத்தை உண்டாக்கப் போவதில்லை. சமமும் சமாதானமும் (மன ஒருமையும்) வர அது உதவும். அதற்காகத்தான் உட்காருகிறோம்.

15. சீலம், ஒழுக்கம் எல்லாம் அவசியமா? தியானம் மட்டும் போதாதா?

போதாது. பொய் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து பாருங்கள், மனம் முதலில் எங்கே போகிறது என்று தெரியும். பௌத்தத்தின் பஞ்சசீலமும் யோகத்தின் யமநியமமும் இங்கே ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

16. 10 நாள் விபஸ்ஸனா முகாமுக்குப் போறேன். அங்கே மனசுக்குள்ள ஆத்ம விசாரம் செய்யலாமா?

செய்ய வேண்டாம். கோயங்கா மரபு முகாம்களில் முதல் மூன்றரை நாள் ஆனாபானம் (மூச்சைக் கவனித்தல்), பிறகு விபஸ்ஸனா (உடலுணர்வுகளைக் கவனித்தல்). ஜபம், பூஜை, பிற தியான முறைகள் எல்லாவற்றையும் அந்த நாட்களுக்கு நிறுத்திவைக்கச் சொல்லித்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்டு போய் உள்ளே வேறொன்று செய்வது அவர்களுக்கு இழைக்கும் நம்பிக்கைத் துரோகம். உங்களுக்கும் அந்த முறையின் முழுப் பலன் தெரியாமல் போகும். அத்வைத ஆசிரமத்தில் தங்கும்போதும் அப்படியே.

17. சாமி கும்பிடறதை விட்டுடணுமா?

எதற்கு? பக்தி மனத்தை இளக்கும். 13-ஆம் கேள்வியில் பார்த்த வறட்சிக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

18. கடைசியில ஏதாவது ஒண்ணைத் தேர்ந்தெடுத்துத்தானே ஆகணும்?

ஒரு கட்டத்தில், ஆமாம். ஆனால் அந்தக் கட்டம் பலர் நினைப்பதுபோல் தொடக்கத்தில் வருவதில்லை. 9-இலும் 10-இலும் சொன்ன பிரிவு, கவனம் நன்றாக ஆழ்ந்தபின்தான் நடைமுறைக் கேள்வியாகிறது. அறிபவன் என்ற உணர்வே தனித்து நிற்கும்போது, "இதிலேயே நில்" என்று ஒரு மரபு சொல்லும். "இதுவும் சார்ந்து எழுவதுதானா என்று பார், விடு" என்று இன்னொன்று சொல்லும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது.

அந்த இடத்தில் நூலைப் புரட்டி முடிவெடுப்பதைவிட, ஒரு மரபில் ஊறிய ஆசிரியரிடம் போவதே மேல். எந்தப் பக்கம் போனாலும், இதுவரை என்ன பழகினீர்கள், எதை எதோடு சேர்த்தீர்கள் என்பதை அவரிடம் முழுவதும் சொல்லிவிடுங்கள். பலர் சங்கடப்பட்டுக்கொண்டு பாதியை மறைக்கிறார்கள். அவர் அதன் பிறகு ஒன்றை நிறுத்தச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள், காரணம் மனத்துக்குப் பொருந்தினால் நிறுத்துங்கள்.